கடல் பார்த்த வாசல்

கிழக்குக் கடற்கரையில் எனக்கு ஏழெட்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் பத்திரம் கிடையாது. ஒரு வீட்டில் ஊஞ்சல் மாட்டியாகிவிட்டது. இன்னொன்றில் மாடிப்படிக்குக் கீழே புத்தக அலமாரி வைப்பதா, சைக்கிள் நிறுத்துவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஊர் ஊராகப் போகிறவர்களில் கோயில் பார்க்கிறவர்கள் உண்டு, சாப்பாட்டுக் கடை தேடுகிறவர்கள் உண்டு. நான் வீடு பார்க்கிறவன். பூட்டிய கேட்டுக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டி நின்று, அந்த வேப்பமரத்தை அப்படியே விட்டுவிட்டு இந்தத் தகரக் கொட்டகையை மட்டும் எடுத்துவிட்டால் என்று ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் பழகிவிட்டார்கள். "வாங்கியாச்சா? கிளம்பலாமா?" என்பதோடு சரி.

சென்னையிலிருந்து மணப்பாடு வரை கடலோரமாகவே இறங்கிய இந்தப் பயணத்தில் சித்தப்பாவும் கூட வந்தார். பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த நிலத்தைப் பார்த்தாலும் மரமும் கடலும் எனக்குத் தெரியும். அவருக்கு சர்வே எண் தெரியும். வழி நெடுக நான் வாங்கிக்கொண்டே வந்தேன், அவர் ரத்து செய்துகொண்டே வந்தார்.

கடற்கரை வீட்டுக் கனவுக்கு மெரினாவிலேயே ஒரு மூதாதை வீடு இருக்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோம். வயதானவர்களுக்கு அது இன்னமும் ஐஸ் ஹவுஸ். பிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனியை வெட்டிக் கப்பலில் ஏற்றி, உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மதராஸில் விற்றார். அதைச் சேமிக்க 1842இல் கட்டிய கிடங்கு இது. உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க வழி வந்ததும் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார் என்ற உயர்நீதிமன்ற வக்கீல் வாங்கினார். வெயில் புகாமல் இருக்கக் கட்டிய கிடங்கில் ஜன்னல் திறந்து வீடாக்கி, ஒரு நீதிபதியின் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று பெயரும் வைத்தார். 1897இல் விவேகானந்தர் இங்கேதான் தங்கினார். பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தியதும் இங்கேதான். பனிக்கட்டிக் குடோனைப் பார்த்து 'ஆஹா, கடற்காற்று வரும்' என்று நினைத்த அந்த வக்கீலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் மூத்தவர்.

ஆனால் இன்று அந்த வாசலில் நின்றால் கடல் எங்கோ இருக்கிறது. சாலையைக் கடந்து, சுண்டல் கடைகளைக் கடந்து, மணலில் கால் புதையப் புதைய நல்ல நடை நடந்தால்தான் அலை. கட்டடம் எழும்பிய நாளில் இவ்வளவு மணல் இல்லை. 1870களின் நடுவில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், சென்னைப் பக்கமெல்லாம், மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தின் நீண்ட மாதங்களில் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவருகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்குப் பயணம்தான் அதிகம். நடுவே ஒரு சுவர் நீட்டினால் தெற்கே மணல் தேங்கும், வடக்கே பட்டினி. தேங்கியது மெரினா. பட்டினி கிடந்தது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். அங்கே தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. இன்று கரை முழுக்கக் கருங்கல். மாலையில் நாம் காற்று வாங்கும் மணல், வடசென்னைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் ஏறினால் கடலை ஒட்டிப் போகும் சாலையில் கடல் தெரிவதில்லை. நீலாங்கரையிலிருந்து கானத்தூர் வரை மதில், அதன்மேல் கண்ணாடிச் சில்லு, அதன்மேல் போகன்வில்லா. நடுவில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களுமான ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து இங்கே நிலம் வாங்கினார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசு. படத்தை விற்றுச் சாப்பிட முடியாது என்பது தெரிந்திருந்ததால், துணிக்குச் சாயம் ஏற்றிச் சாப்பிட்டுக்கொண்டு படம் வரைவது என்று திட்டம். சவுக்கும் மணலுமாகக் கிடந்த இடம். ஊரை விட்டு இவ்வளவு தூரம் போகிறீர்களே என்று அன்று பரிதாபப்பட்டவர்களின் பேரன்கள், இன்று அதே ஈஞ்சம்பாக்கத்தில் அரை கிரவுண்டுக்கு வங்கிக் கடன் கேட்டு நிற்கிறார்கள். கடலோரம் இடம் வாங்கியவர்களிலேயே உருப்படியாக வாங்கியவர்கள் இந்தக் கலைஞர்கள்தான் என்பது என் கணிப்பு. ஒரு காரணம், அவர்கள் அங்கே குடியிருக்க வாங்கினார்கள்.

மற்ற பீச் ஹவுஸ்களில் யார் குடியிருக்கிறார்கள் என்று கவனித்தால் தெரியும். வாட்ச்மேனும் நாயும்தான். கானத்தூர்ப் பக்கம் ஒரு வீடு வெகுநாளாக என் கணக்கில் இருக்கிறது. மங்களூர் ஓடு, முன்னால் இரண்டு தென்னை. இந்தமுறை கேட் திறந்திருந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், மனைவி குழந்தையோடு பின்கட்டு அறையில் இருக்கிறார். முதலாளி எப்போது வருவார் என்று கேட்டேன். "பொங்கல் வந்தாரு" என்றார். நாங்கள் போனபோது ஆடி முடிந்திருந்தது. அவர் கையில் உப்புத்தாள். கேட்டின் கீலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங் வைத்த ஒவ்வொரு மூட்டிலும் துரு பொரிந்து, தொட்டால் ஏடு ஏடாக உரிந்தது. தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் முதலில் பூசிய இடத்தில் மறுபடி பொரியத் தொடங்கிவிடுமாம். மாடியில் இருந்த ஏசியின் வெளிப்பெட்டியைக் காட்டினார். உள்ளே தகடு தகடாக இருக்க வேண்டிய அலுமினியம் சாம்பலாக உதிர்ந்து, கீழே தரையில் வெள்ளைப் பொடியாகக் கிடந்தது. ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் செம்புக் கம்பியில் பச்சை பூத்திருந்தது.

எனக்கு வருத்தம் தந்தது தாழ்வாரத்துத் தூண். அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு சிமெண்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் ஊதும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த ஊதல்தான் மேலே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து உடைக்கிறது. கட்டும்போது கம்பிக்கு மேலே போதிய கனம் விடாமல், கொத்தனார் அவசரத்தில் கடல் மணலையும் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வீடு கட்டி இருபது வருஷம்கூட ஆகவில்லை என்றார் வாட்ச்மேன்.

"இந்த வீடு வேண்டாம்" என்றேன் சித்தப்பாவிடம்.

"குடுக்கறேன்னு யார் சொன்னா?" என்றார் அவர்.

மாமல்லபுரம் தாண்டி, கடப்பாக்கம் நெருங்கும்போது சாலை கொஞ்சம் மூச்சு விடுகிறது. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர், கழிமுகத்து நீர், தூரத்தில் உப்பளம். அங்கே ஒரு தரகர் கிடைத்தார். கிடைத்தார் என்ன, டீக்கடையில் நான் ஒரு வார்த்தை கேட்டேன், பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்து இறங்கிவிட்டார்.

"பீச் டச் ப்ராப்பர்ட்டி சார். கேட்டத் தொறந்தா அலை. சிங்கிள் ஓனர், டாக்குமெண்ட் பக்கா."

இடம் நிஜமாகவே அழகு. சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் மணல்மேடு, மேட்டில் அடப்பங்கொடி ஊதாப்பூ பூத்துக் கிடக்கிறது, அதற்கப்பால் கடல். நான் அதற்குள் கூரைக்கு ஓடு போட்டு முடித்துவிட்டேன். சித்தப்பா பத்திர நகலை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செக்குபந்தியைப் படித்தார். மேற்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம், தெற்கே வண்டிப் பாதை, கிழக்கே சமுத்திரம்.

"தம்பி, மூணு பக்கம் கல்லு நட்டுக்கலாம். கிழக்கெல்லைக்காரன வரச்சொல்லிக் கேக்க முடியுமா?" என்றார்.

தரகர் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. ஏற்றவரி எங்கே என்று கேட்டார். கடல் ஏறி வரும்போது அதன் உச்ச நீர்மட்டம் தொடும் கோடு அது. சட்டம் அங்கிருந்துதான் அளக்கிறது. 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஏற்றவரியிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. நகரப் பகுதி என்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்தை நோக்கிய பக்கத்தில்தான் கட்டலாம். 2011இல் அறிவிக்கையைத் திருத்தினார்கள். 2019இல் மறுபடி திருத்தி, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறங்களில் அந்த 200 மீட்டரை 50 ஆகச் சுருக்கினார்கள். பத்திரப் பதிவு இதையெல்லாம் தடுக்காது. விற்கலாம், வாங்கலாம், பட்டா மாற்றலாம். கட்டத்தான் முடியாது. கட்டினாலும் நிற்கும் என்று சொல்ல முடியாது: கொச்சி மரடில் காயலோரம் விதியை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களை, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

தரகர் பைக்கை எடுக்கும்போது, "லைட் ஹவுஸ் மாதிரி யோசிக்காதீங்க சார், எல்லாரும் கட்டறாங்க" என்றார். என்ன உவமை என்று புரியவில்லை; ஆனால் எல்லாரும் கட்டுகிறார்கள் என்பது உண்மை.

புதுச்சேரியில் நான் வீடு பார்ப்பதை நிறுத்தி வருஷமாகிறது. 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் நீட்டினார்கள். மெரினா கதையேதான், சுருக்கமான பதிப்பு. ஊரின் மணல் கரை கொஞ்ச வருஷத்தில் காணாமல் போய், கடற்கரைச் சாலை ஓரம் பாறைக் குவியல் வந்தது. பாறை கொட்டினால் அந்த இடம் தப்பிக்கும், அரிப்பு அடுத்த ஊருக்கு வடக்கே நகரும். அந்த ஊரும் பாறை கேட்கும். வடக்கே குப்பங்களில் தென்னையும் வீடும் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அண்மைக் காலத்தில் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. வாங்கத் தைரியம் இல்லை.

தரங்கம்பாடியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நுழைவாயிலைத் தாண்டி ராஜ வீதியில் இறங்கினாலே வண்டிச் சத்தம் பின்னால் போய்விடுகிறது. ஒரு பக்கம் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். 1706இல் வந்திறங்கித் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு அதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். தெரு முடிவில் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் குடியேறினார்கள். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை, மாளிகைகள், தெருக்கள், கடல் எல்லாம் சேர்த்து. சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, "முத்திரைத் தாள் யார் கட்டுனது?" என்றார்.

கோட்டைக்குப் போகும் வழியில் குறுக்கே பிரியும் ஒரு சின்னத் தெருவில் என் வீடு. தாழ்ந்த ஓட்டுக் கூரை, தெருவைப் பார்த்த திண்ணை, இரண்டு மரத்தூண், கொஞ்சம் உள்ளே போனால் முற்றம். சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிகிறது. கையால் தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது, அவ்வளவு கனம். கானத்தூர்த் தூணை நினைத்துக்கொண்டேன். இந்தச் சுவரில் கம்பியே இல்லை. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் மரமும். உப்புக்குத் தின்ன இரும்பு கிடைக்காததால் சுவர் பிழைத்துக்கொண்டது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் வெளியே விடும். வருஷம் ஒருமுறை வெள்ளையடித்தால் போதும். ஓவியர்கள் மாதிரியே, இதைக் கட்டியவர்களும் இருந்து பார்க்கக் கட்டியிருக்கிறார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் விலையைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "தெரு தப்பிச்சுதுங்க" என்று மட்டும் சொன்னார். 2004 டிசம்பர் 26ஐப் பற்றி இந்தக் கரையில் யாரும் தேதி சொல்லிப் பேசுவதில்லை. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் சுனாமிக்கு வெகுகாலம் முன்பே, அவசரப்படாமல், கல் கல்லாக எடுத்துக்கொண்டுவிட்டது.

தரங்கம்பாடியில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்கு உள்ளே தள்ளி நிரந்தர வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஏற்றவரியிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள், அந்தப் புது வீடு வேண்டுமென்றால் கரையோரத்துப் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்றால் உதவி கிடையாது. பாதுகாப்புக்காகத்தான் சொன்னார்கள், சரி. ஆனால் கடலோடு பிழைப்பவரை விலகிப்போ என்று சொன்ன அதே கரையில், வருஷத்துக்கு நாலு நாள் வந்து போகிறவருக்காக ரிசார்ட்டும் பீச் ஹவுஸும் எழும்புவதைப் பார்க்க முடிகிறது. கரைவலை இழுக்க மணல் வேண்டும். படகு ஏற்ற, வலை உலர்த்த, கருவாடு காயவைக்க மணல் வேண்டும். அந்த மணலுக்கு எந்தக் குப்பத்திலும் தனிப்பட்டா இல்லை, ஊருக்குப் பொது. என் கனவு வீடுகளில் பாதிக்கு முன்வாசல், இன்னொருவர் வலை காயவைக்கும் இடம். சித்தப்பா இதை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார், அலுவலக பாஷையில்: "பொதுப் பயன்பாடு, தம்பி. அனுபவ பாத்தியதை."

தனுஷ்கோடியில் நான் ஒரு வீட்டையும் பார்க்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போன ஊர். தேவாலயத்தின் பவளக்கல் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் வெயிலில் நிற்கின்றன. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு சொல்லியும், மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கின்றன. மணலைக் கையால் தோண்டிய பள்ளத்தில் ஒரு பெண் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றினார். வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர். இரண்டு பக்கமும் கடல் இருக்கும்போது இது எப்படி என்றால், மழைநீர் உப்புநீரைவிட இலேசு. மணலுக்குள் அதன் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. கையால் மொண்டால் அது தாங்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் மேலே ஓர் அடி குறைய, கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். ஈசிஆர் பங்களாக்களின் நீச்சல் குளமும் புல்தரையும் எதைக் குடிக்கின்றன என்று அப்போதுதான் யோசித்தேன்.

கடைசியாக மணப்பாடு. குலசேகரப்பட்டினம் தாண்டி, தேரி மணலும் பனையுமாக வந்த பாதை திடீரென்று ஒரு மணல் குன்றில் முடிகிறது. குன்றின்மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கீழே பாறையில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. கொழும்பு வியாபாரத்தில் காசு பார்த்த பரதவக் குடும்பங்கள் கட்டிய மாடி வீடுகள் தெருவெல்லாம் நிற்கின்றன. வளைந்த ஜன்னல், வண்ணக் கண்ணாடி, மரத்தாலான வெயில்தட்டி, மாடி முகப்பில் சிலுவை. பாதிக்கு மேல் பூட்டு. பூட்டு துருப்பிடித்த வீடு எது, எண்ணெய் போட்ட வீடு எது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். நீல ஜன்னல் வைத்த ஒரு வீட்டின் சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருந்தது. உள்ளே விட்டார். கூடத்தில் பெரிய மேசை, வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தது. மாடியில் நின்றால் ஒருபுறம் ஆற்று முகம், ஒருபுறம் கடல். பயணத்தில் முதன்முறையாக சித்தப்பாவே, "பரவால்லயே" என்றார்.

விற்பார்களா என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருய்யா விப்பா? செப்டம்பர் பதினாலு திருவிழாவுக்கு எல்லாரும் வருவாங்கள்லா. அன்னைக்கித் தொறக்கணும்லா."

நீல ஜன்னல் வீட்டை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். தரங்கம்பாடித் திண்ணை இன்னும் இருக்கிறது. அதை விடுவதாக இல்லை.

நீங்கள் என்னைப்போல மனக்கணக்கில் வாங்குகிறவர் இல்லை, நிஜமாகவே காசு வைத்திருப்பவர் என்றால் சில வார்த்தை. சித்திரை வைகாசியில் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும். கார்த்திகையில், வங்கக் கடலில் புயல் சின்னம் இருக்கும் வாரத்தில் போங்கள். பட்டாவுக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். மாவட்டக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் ஏற்றவரி உங்கள் சர்வே எண்ணில் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். குப்பத்தில் வயதானவர் ஒருவரிடம், அவர் சின்ன வயதில் கடல் எதுவரை இருந்தது என்று கேளுங்கள். உங்கள் வேலி அவர் வலைக்குக் குறுக்கே வருமா என்பதையும் கேளுங்கள். சென்னைக்கும் நாகைக்கும் இடையில் எந்த ஊராக இருந்தாலும், உங்கள் மனைக்குக் கிட்டத்தில் தெற்கே ஒரு துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ கடலுக்குள் நீண்டிருந்தால், டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.